நூற்றுப் பத்து டிகிரித் தயிர்

"பொம்பள துணை இல்லாம ஒரு உயிர உண்டாக்கி வளக்கப்போற மொத ஆம்பள, இந்தத் தூத்துக்குடியில நாந்தான்" என்றான் மாசானம். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

பக்கத்து வீட்டு எபனேசர் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். கட்டிலில் கம்பளி போர்த்தி என்னவோ குட்டையாகக் கிடந்தது. அதன் தலைமாட்டில் மாசானம் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"காய்ச்சல் எவ்வளவுலே?"

"நூத்திப்பத்து."

"ஏலே, நூத்திப்பத்துன்னா ஆளு போயிருமேலே."

மாசானம் கம்பளியை விலக்கினான். உள்ளே ஒரு சட்டி பால். அதில் எபனேசர் வீட்டில் வாங்கிய ஒரு கரண்டி உறைமோர்.

மாசானம் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, உப்புக் கம்பெனிச் சோதனைச்சாலையில் வேலை பார்ப்பவன். முந்தின நாள் சாப்பாட்டின்போது, "பால்ல மோரை ஊத்துனா தயிரு. இதுக்கு ஒரு பெண்டாட்டி எதுக்கு?" என்று பொதுவான அறிவியல் உண்மை ஒன்றைச் சொன்னான். பரிமாறிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி தங்கத்தாய் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்கு, தாய் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். பஸ் ஏறும்போது மட்டும் சொன்னாள்:

"உங்க கையால ஒறைய வச்ச தயிரு ஒரு சட்டி கொண்டுட்டு வாங்க. அன்னைக்கு வாறேன்."

"பேசாம பஸ் ஸ்டாண்டுல ஒரு சட்டி வாங்கிட்டுப் போயிரேன்லே" என்றான் எபனேசர்.

"கலியாணம் முடிச்சவன் தயிர விலைக்கு வாங்குதது, சொந்த மூக்கு இருக்கும்போது வாடகை மூக்குல மூச்சு விடுத மாதிரி. அந்தச் சாதி ஆம்பளைய நான் மனுசக் கணக்குல சேக்கது இல்ல."

முதல் நாள் தெர்மாமீட்டர் காட்டியது சட்டியின் வெளிப்பக்கத்துச் சூட்டை. உள்ளே பால் கொதிநிலையில் இருந்ததால் மோரில் இருந்த உயிர்கள் ஊற்றிய உடனே காலமாகிவிட்டன. பால் திரிந்தது.

மறுநாள் பாலை நன்றாக ஆறவிட்டு, கடற்காற்று வரும் ஜன்னலில் வைத்தான். காலையில் திறந்தபோது பால் பாலாகவே இருந்தது, நம்பிக்கைக்குரிய பால்.

மூன்றாம் நாள், ஊரில் காலரா இருக்கிறதே என்று, கிருமி போவதற்காக உறைமோரையே காய்ச்சி ஊற்றினான். நான்காம் நாள் உப்புத்தண்ணீர் சோதிக்கிற குடுவையில் பாலை அளந்ததில், தொட்டுக்கொள்ள ஊறுகாய் தேவைப்படாத ஒரு திரவம் கிடைத்தது. ஏழாம் நாள் உண்மையாகவே தயிர் மாதிரி ஒன்று வந்தது. அதை ருசி பார்த்த எபனேசரின் இடது கண் தானாக மூடிக்கொண்டது. அரை மணி நேரம் திறக்கவில்லை.

"நெருங்கிட்டேன்லே" என்றான் மாசானம்.

ஆனால் சட்டையில் பித்தான் இரண்டு போயிருந்தது. கிளப்புக் கடைச் சாம்பார் வயிற்றோடு வம்புக்கு நின்றது. பக்கத்து வீட்டில் எபனேசரும் அவன் பெண்டாட்டியும் சண்டை போடும் சத்தம் கேட்டால் மாசானத்துக்குப் பொறாமையாக இருந்தது. தன்னைத் திட்ட வீட்டில் ஆள் இல்லை.

பத்தாம் நாள் சனிக்கிழமை. காலையில் பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டான். ஆற்றுப் பக்கத்து ஊர்களிலிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் தயிர் கொண்டுவருகிற முப்பிடாதி அப்போதுதான் கூடையை இறக்கினாள்.

"கெட்டியா?" என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி." சட்டியை அவளே கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"எப்பவும் இப்படித்தானா?"

"எங்க? முந்தியெல்லாம் எளக்கமாத்தான் இருக்கும். இந்த ஒரு வாரமாத்தான் இப்படி. மாடு புது வைக்கோலு திங்குதுல்லா."

காரண காரியம் பொருந்துவதாக மாசானத்துக்குப் பட்டது.

"சட்டியோட குடு."

"சட்டி என்னோடது இல்ல அண்ணாச்சி. ஒறைய ஊத்துத வீட்டுல எண்ணித்தான் குடுப்பாவ, எண்ணித்தான் திரும்ப வாங்குவாவ."

சட்டிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான். மேல்துண்டைப் போட்டு மூடி, கைக்குழந்தையைக் கொண்டுபோவதுபோல் வீட்டுக்குக் கொண்டுபோனான். மத்தியானத்துக்கு மேல் அரைநாள் வேலை முடிந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆழ்வார்திருநகரி பஸ்ஸில் ஏறினான்.

தங்கத்தாய் முகத்தில் கோபம் இல்லை. சட்டியை வாங்கிக்கொண்டு, அவன் சொன்னதையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நின்று கேட்டாள். பால் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், மோர் எத்தனை துளி, கம்பளி எதற்கு, உயிர்கள் எப்படிப் பல்கிப் பெருகுகின்றன என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். அவன் கண்டுபிடித்த சில நுணுக்கங்களுக்கு அவள் தலையைக்கூட ஆட்டினாள்.

"அம்புட்டும் நீங்களே பண்ணியளா?"

"பின்ன? பத்து நாள் பாடு."

ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. இந்தத் தயிர என்னால ஒரு கொறை சொல்ல முடியாது."

"அப்ப பொறப்படு" என்றான் மாசானம், பெருந்தன்மையாக.

தங்கத்தாய் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, புறவாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"ஏளா முப்பிடாதி, காலையில கொறஞ்ச சட்டி வந்துட்டு."