நாலு மணி அப்டேட்

"யாரும் எதையும் தொடாதீங்க. அதுவா போச்சு, அதுவா வரும்," என்று எழுந்து நின்று சொன்னாள் சிஸ்டம் அக்கா.

அந்த அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவள் என்பதால் அந்தப் பெயர். மணி நாலு. கூடத்தில் இருந்த அத்தனை திரைகளும் ஒரே சமயத்தில் நீலமாகி, தங்களைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும் பொறுமை காக்கும்படியும் கேட்டுக்கொண்டன. இரண்டு வாரமாகத் தினமும் இதே கூத்து.

"வரும் வரும்னு இருபது நிமிஷம் தின்னுடுது," என்றார் தலைமைக் கணக்கர். "தினம் தினம் என்னத்தம்மா புதுப்பிக்குது? எங்க வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிச்சே எட்டு வருஷமாச்சு."

"பாதுகாப்புக்கு சார்."

"யார்கிட்டேர்ந்து? கூட்டல் போட்டு முடிச்சேன், சேவ் பண்றதுக்குள்ள போயிடுச்சு. உன்கிட்டேர்ந்துதான் எனக்குப் பாதுகாப்பு வேணும்."

இதற்குள் பில் போடும் பெண் கைப்பையோடு ஸ்டோர் ரூம் பக்கம் நழுவியிருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் பட்ட பாட்டை சிஸ்டம் அக்காவிடம்தான் சொல்லி அழுதாள். சாயங்காலமானால் பால் கட்டிக்கொண்டு உயிர் போகிறது. எடுத்து வைக்கலாமென்றால் சீட்டை விட்டு எழ முடியவில்லை. ஆள் இல்லாமல் கணினி பத்து நிமிடம் சும்மா இருந்தால், அதுவே மேலிடத்துக்குக் கோள் சொல்லிவிடும். மூன்று கோள் சேர்ந்தால் வேலை போய்விடும். தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கிடக்கும்போது மட்டும் அதற்குக் கோள் சொல்லத் தெரியாது.

இந்தக் கோள்மூட்டி ஏற்பாட்டை 'ஒழுங்கின் புதிய யுகம்' என்று மேடை போட்டு வரவேற்றவர் மேலாளர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர், சுற்றறிக்கை. படிக்கட்டில் எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்பதற்கும் ஒன்று விட்டிருக்கிறார். அந்தப் பெண் உடையில் ஈரம் படர்ந்து, ஃபைலை மார்போடு அணைத்தபடி அவர் முன்னால் நின்ற அன்றும், நேரத்தின் அருமை பற்றி அரை மணி நேரம் செலவழித்துப் பேசியவர்.

ஸ்டோர் ரூமிலிருந்து திரும்பியவளின் முகத்தில் இப்போது கொஞ்சம் தெளிச்சி இருந்தது.

"நீங்கதானேக்கா எனக்காக இதை நாலு மணிக்கு வெச்சீங்க?" என்று சிஸ்டம் அக்காவிடம் கிசுகிசுத்தாள்.

"மெதுவாப் பேசு. கணக்கருக்குப் பாம்புக் காது."

"இது நின்னுடுச்சுன்னா நானும் நின்னுடுவேன்க்கா. கடையில வாங்கற பால் எதுவும் குழந்தைக்கு ஒத்துக்கலை. வேலையா பிள்ளையான்னு வந்தா நான் எதைன்னு சொல்லுவேன்?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மேலாளர் அறைக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது. அவர் வருவதற்கு முன் அவர் தொண்டை வரும். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கணக்கர் நேத்தே புகார் குடுத்துட்டார்," என்றார் மேலாளர், கூடத்தின் நடுவில் நின்று. "ஆபீஸ் நேரத்துல முப்பது பேர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்னம்மா நிர்வாகம் பண்றே? இதை ராத்திரியில வெச்சா ஆகாதா?"

"ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் போகணும்னு உங்க சுற்றறிக்கை இருக்கு சார்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"அப்போ காலையில?"

"வந்ததும் வராததுமா வருகைப் பதிவு போடணும்னு இன்னொண்ணு இருக்கு சார்."

"மத்தியானம்?"

"மேலிடத்துக்கு அறிக்கை போற நேரம். அதுலயும் உங்க கையெழுத்துதான் சார்."

தன் கையெழுத்துகளின் கனம் தாங்காமல் மேலாளரின் கழுத்து சட்டைக்குள் சற்று இறங்கியது. கணக்கர் மட்டும் விடுவதாயில்லை.

"சார், இந்தப் பொண்ணு பேசிப் பேசியே நம்மளை ரீஸ்டார்ட் பண்ணிடும். ஒரேயடியா நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டறேன். உள்ள வாம்மா," என்று விறைப்பாகத் திரும்பி நடந்தார் மேலாளர்.

பில் போடும் பெண்ணின் விரல்கள் பையின் வாரை இறுக்கின. "கால்ல விழுந்தாவது பாருங்கக்கா," என்றாள். அவள் கண்ணைப் பார்க்காமல் தோளை மட்டும் தட்டிவிட்டு உள்ளே போனாள் அக்கா.

மேலாளர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். மேசையிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"கணக்கர் நம்பிட்டாரா?"

"நம்பிட்டார் சார். ஆனா நேத்து நாம ஒத்திகை பார்த்தப்போ இவ்வளவு சத்தம் இல்லையே?"

"வேகத்துல வந்துடுச்சு, மனசுல வெச்சுக்காதே. அந்தப் பொண்ணுக்காக மேலிடத்துல நேரா அனுமதி கேட்டுப் பார்த்தேன், விதியில இடமில்லைன்னுட்டாங்க," என்ற சுற்றறிக்கை, குரலை இன்னும் இறக்கினார். "நீ யாருக்கு என்ன சமாதானம் வேணும்னாலும் சொல்லு, என்னை எப்படி வேணும்னாலும் மடக்கு, அந்தக் குழந்தைக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும் இந்த அப்டேட் முடியக் கூடாது."