பில்லுக்குப் பதில் பாண்டு

“வெரல் தப்பிப் பட்டுட்டுப்பா” என்றாள் நிவேதா.

நம்பிராஜன் அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டு கையிலிருந்த போனையே பார்த்தார். பதினைந்து லட்ச ரூபாய் இன்று காலை அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூடத்திலோ சம்பந்தி தளவாய், தோளில் குளியல் துண்டோடு, இரண்டாவது காப்பிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிவேதாவைக் கட்டப்போகிற மாப்பிள்ளை முத்துகுமரன் வழக்கம்போல வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

தென்காசியில் டியூஷன் சென்டர் ஒன்றில் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவன் முத்துகுமரன். யாருக்கும் காசு கொடுக்காமல், பரீட்சை எழுதியே அரசு வேலைக்குப் போக வேண்டும் என்று படித்துக்கொண்டும் இருந்தான். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் வாத்தியார் வேலை காலியாகிறது, நிர்வாகத்துக்குப் பதினைந்து லட்சம் கொடுத்தால் கிடைத்துவிடும் என்று தளவாய்க்குத் தகவல் வந்தது. பணம் பெண் வீட்டார் பொறுப்பு என்று அவரே பேசி முடித்தார். அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்பிராஜன் பிப்ரவரியிலேயே இலஞ்சித் தென்னந்தோப்பை விற்றுவிட்டார். ஜூன் வரை பணத்தை எங்கே வைப்பது என்று யோசித்தபோது நிவேதாதான் வழி சொன்னாள்.

“ட்ரெஷரி பில்னு ஒண்ணு இருக்குப்பா. கவர்ன்மென்ட்டுக்கு நாம மூணு மாசம் கொடுத்து வைக்கது. தனியா வட்டி கிடையாது. நூறு ரூவா பில்லைத் தொண்ணூத்தெட்டே முக்கால் மாதிரி ஒரு வெலைக்குத் தருவாங்க. தொண்ணூத்தோரு நாள் கழிச்சு முழு நூறும் தானா பேங்க்குக்கு வந்துரும்.”

“வெலைய யாரு சொல்லுதது?”

“புதன்கிழமை ஏலம் நடக்கும். பெரிய பெரிய பேங்க்கெல்லாம் வெலை கேக்கும். நம்மள மாதிரி ஆளுக எவ்வளவு வேணும்னு மட்டும் சொன்னாப் போதும், அங்க வந்த வெலையே நமக்கும்.”

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு திங்கட்கிழமை, அவள் காதில் போனை வைத்து யாரிடமோ கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். அவர் ஓடிபி எண்ணை வாசித்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமையே, பத்திரம் அவர் பேருக்கு வந்துவிட்டதாகச் செய்தியும் வந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

புதன்கிழமை ஏலத்துக்கு முன்னாலேயே வந்த அது, இப்போது பார்த்தால், பில் இல்லை. பாண்டு. ஏழு வருஷம் போன பிறகுதான் பணம்.

“வித்துருவோமே” என்றார்.

“மத்த பாண்டுன்னா சந்தையில விக்கலாம்ப்பா. இது சேமிப்பு பாண்டு, விக்க முடியாது. ஆறு மாசத்துக்கு ஒருக்க வட்டி மட்டும் வரும்.”

“பேங்க்ல அடகு வச்சா?”

“இதை வச்சுக் கடன் வாங்க முடியாது.”

“வேற யாரு பேருக்காவது மாத்திக் கொடுத்து...”

“பேரு மாறாதுப்பா. போட்டவங்க செத்தாத்தான் மாறும்.”

நம்பிராஜனின் பார்வை ஜன்னலுக்கு வெளியே, கிணற்றுப் பக்கம் போய் நின்றது.

“அப்படிப் பாக்காதியப்பா” என்று அவர் கையைப் பிடித்தாள் நிவேதா.

அவர் மனைவி செண்பகவல்லி கையிலிருந்த வளையல்களைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தாள். அது எந்த மூலைக்குக் காணும்?

கூடத்திலிருந்து குரல் வந்தது. “என்ன சம்பந்தி, உள்ள ரூவா நோட்டு அச்சடிச்சிட்டா இருக்கிய? மெயின் அருவியில தண்ணி நல்லா விழுதாம். போற வழியில ஒரு குளியலப் போடணும்லா.”

நம்பிராஜன் வெளியே வந்தார். நின்றபடியே சொல்லி முடித்தார். சொல்லச் சொல்லத் தளவாயின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.

“வீட்டை வச்சாவது பெரட்டிருதேன் அண்ணாச்சி. ஒரு மாசம் டயம் தாங்க. பச்சப்பிள்ளை, வெரல் தப்பிட்டு.”

“ஒரு மாசமா? நாளைக்குப் பணம் கட்டலைன்னா அந்த வேலை அடுத்தவனுக்கு” என்று எழுந்தார் தளவாய். “வெரல் தப்புத பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து வேற எதெத தப்ப விடுமோ. ஏலே குமரா, எந்திரி. இங்கன இனி நமக்கு என்ன சோலி?”

வாசலில் போய்ச் செருப்பை மாட்டினார். முத்துகுமரன் எழுந்திருக்கவில்லை.

“ஏலே, ஒன்னத்தான் சொல்லுதேன்.”

பத்து நாளில் கல்யாணம். பத்திரிகை பாதி ஊருக்குப் போய்விட்டது. மகன் வயதுப் பையனுக்கு முன்னால் நம்பிராஜன் இரண்டு கையையும் கூப்பினார்.

“மாப்ள, நீங்களாவது அப்பாட்டச் சொல்லுங்க. எம்பொண்ணு தெரியாமச் செஞ்சிட்டா.”

முத்துகுமரன் எழுந்து வந்து, கூப்பிய கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினான்.

“அவள அந்த பாண்டை வாங்கச் சொன்னதே நாந்தான் மாமா.”