இருபத்திரண்டாவது ஆணி

பதினோரு படங்களையும் கூடத்துத் தரையில் பரப்பி வைத்து, எதற்குப் பக்கத்தில் எதை மாட்டுவது என்று சர்வேயர் மண்டியிட்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

மகள் நான்கு மணிக்கு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறாள். அழைத்து வருவதற்கு அவருடைய மனைவி போயிருந்தாள். அவர்கள் வருவதற்குள் சுவர் முடிந்தாக வேண்டும்.

படங்கள் மகள் வரைந்தவை. படத்துக்கு ஒருவராக, பேருந்துக்குக் காத்திருக்கும் மனிதர்கள். அத்தனை பேரும் முதுகைக் காட்டி நிற்பவர்கள். அவள் ஒவ்வொன்றாக வரைந்து காட்டியபோதெல்லாம், தோள்பட்டையின் அளவு பிசகாமல் வந்திருப்பதாக அவர் பாராட்டியிருக்கிறார்.

பதினொன்றையும் ஒருசேரப் பார்ப்பது இன்றுதான். எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

உதவிக்கு மனைவியின் தம்பி வந்திருந்தான். தச்சுவேலை செய்பவன். படத்துக்கு இரண்டு வீதம் இருபத்திரண்டு ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். எண்ணாமல் ஓர் ஆணியையும் பட்டறையை விட்டு வெளியே எடுத்ததில்லை என்பது அவனுடைய பெருமை.

ஆணி வேண்டாம், கம்பியும் வேண்டாம், ஒட்டு நாடா போதும் என்றார் சர்வேயர்.

"ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவரு நீங்க. சொந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க உங்களுக்குக் கை நடுங்குதா மாமா?"

சொல்லிக்கொண்டே ஒரு படத்தைத் துடைக்க எடுத்தவனின் விரல், நேராகக் காகிதத்தில் பட்டது. சட்டத்தில் கண்ணாடி இல்லை. மற்றப் படங்களையும் தொட்டுப் பார்த்தான். ஒன்றிலும் இல்லை.

"கண்ணாடியும் கழட்டியாச்சா? சரிதான். நாலே நாள்ல தூசி படிஞ்சு, நிக்கிறவனுக்கெல்லாம் தலை நரைச்சுடும்."

சர்வேயர் நாடாவை அளந்து கத்தரிப்பதற்காகத் திரும்பினார்.

வேலை தெரிந்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை. ஓர் ஆணியை எடுத்துச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினான். சர்வேயர் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில், டப்பா கவிழ்ந்து ஆணிகள் கூடமெங்கும் சிதறின.

இருபதாண்டு உறவில் அவர் அவன்மேல் கை வைத்தது அதுவே முதல் தடவை.

"காமாலையில கெடந்து எழுந்த புள்ள வர்ற வீடு. ஒரு ஆணிக்குப் போய் இப்படியா?" என்றான் மச்சான், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு.

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவனிடம் நீட்டினார். நேற்று மருத்துவமனையில் கொடுத்தது.

வீட்டில் இருக்கக் கூடாதவை என்பது தலைப்பு. கண்ணாடி. கம்பி. கூரான பொருள்கள், எவ்வளவு சிறியவையானாலும். அவளுடைய அறைக் கதவின் தாழ்ப்பாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சர்வேயரின் சிவப்புப் பென்சில் குறி இருந்தது. முதல் மூன்று மாதங்களுக்கு அவளைத் தனியாக விட வேண்டாம் என்று கடைசி வரி சொல்லிற்று.

மச்சான் இரண்டு முறை படித்தான். காமாலை என்று தன்னிடமும் ஏன் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. தாளை அதன் மடிப்பிலேயே மடித்துக் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

இருபத்தொன்று.

டப்பாவைக் கவிழ்த்து மறுபடியும் எண்ணினான். இருபத்தொன்றுதான்.

காந்தம் பட்டறையில் இருந்தது, போய்வர நேரமில்லை. சோபாவைக் கவிழ்த்தார்கள். விரிப்பை உதறினார்கள். செருப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்கள். தரை தெரிய வேண்டும் என்பதற்காகவே சர்வேயர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கைக்கு வந்த வரிசையில், மட்டமும் பாராமல் இடைவெளியும் பாராமல் சுவரில் ஒட்டித் தள்ளினார். பிறகு அவரும் குப்புறப் படுத்து, அலமாரிக்கு அடியில் கை நுழையுமட்டும் துழாவினார்.

வாசலில் வண்டி நின்ற ஓசை அவர்கள் இருவர் காதிலும் விழுந்தது. இருவரும் எழவில்லை.

மகள் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் பையுடன் தாய் நின்றாள். மகள் முதலில் சுவரைப் பார்த்தாள். கோணல்மாணலாக நின்ற பதினோரு முதுகுகளையும் கடைசிவரை பார்த்து முடித்தாள். அதன் பிறகே தரையைப் பார்த்தாள்.

"என்னப்பா தேடறீங்க?"

மச்சான் சர்வேயரைப் பார்த்தான். சர்வேயர் அலமாரிக்கு அடியிலிருந்து கையை உருவிக்கொண்டார்.

"சொன்னாத்தானே நானும் தேட முடியும்" என்றாள்.

அதன் பிறகு வாசற்படியருகே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தரையைத் தடவிக்கொண்டே அவர்களை நோக்கி நகர்ந்து வரலானாள்.

சர்வேயர் எழுந்து ஓடிப்போய் அவள் எதிரே விழுந்து, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார்.

இடக்கை விரிந்திருந்தது. வலக்கை மூடியிருந்தது.

மெலிந்த விரல்கள்தாம், பிரித்துவிட அவருக்குப் பலம் போதும். அவர் பிரிக்கவில்லை. கைகளை விடவும் இல்லை. அவளாகவே திறக்கட்டும் என்று, முதன்முதலாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.