மொழிபெயர்க்காத பந்தி

சிவக்கொழுந்து வாசலில் நின்றபடியே கடிதத்தை நீட்டினாள்.

"உதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

கொழும்பிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம். கிணற்றில் பிணமாகக் கிடந்த அவளுடைய மகள் கஜந்தினியைப் பற்றியது.

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். கொலைகாரன் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னவன். எங்கள் குடும்பத்துக்கு ஊரில் உள்ள மரியாதை அந்த நாக்கால் வந்தது.

கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

பொலிஸ் வருமுன்பே கிணறு இறைக்கப்பட்டுவிட்டதால் போதிய சான்று இல்லை, வழக்குத் தொடரப்படமாட்டாது என்று வாசித்தேன்.

அவளுடைய விரல் ஒரு சொல்லில் வந்து நின்றது.

"உந்த நீட்டுச் சொல்லு ரெண்டு இடத்திலை கிடக்கு. என்ன அது?"

புறொசிக்கியூற்றோரியல்.

"வழக்குத் தொடுநருக்குரிய" என்றேன். தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி. வழக்கைப் போடுவதா விடுவதா என்று முடிவெடுப்பவர் வழக்குத் தொடுநர். அந்த முடிவு அவருக்குரியது என்பதுதான் அர்த்தம். அந்தச் சொல் ஒருவரையும் குற்றவாளி என்றும் சொல்லாது, குற்றமற்றவர் என்றும் சொல்லாது.

"அப்ப என்ரை கையிலை ஒண்டும் இல்லையோ?"

அந்தச் சொல் இரண்டாம் முறை வந்தது கடிதத்தின் கடைசிப் பந்தியில். வழக்குத் தொடுநரின் முடிவை மீளாய்வு செய்யும்படி, இறந்தவரின் உறவினர் பதினான்கு நாட்களுக்குள் எழுதிக் கேட்கலாம்.

"இல்லை" என்றேன்.

கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். அவள் அதைத் திரும்ப விரித்து, மடிப்பை விரலால் நீவினாள்.

"பள்ளிக்கூடத்து ரேச்சல் ரீச்சர் இண்டைக்குக் காலமை வாசிச்சவ. பதினாலு நாள் இருக்கெண்டு சொன்னவ. உங்கடை வாயாலை அது வருமோ எண்டு பாக்கத்தான் வந்தனான், சம்மந்தியார்."

படலை சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அறைக்குள்ளிருந்து என் மகன் ஜெயதீபன் மெல்லக் கேட்டான்.

"மாமி போயிட்டாவோ அப்பா?"

போய்ப் படலைக்குக் கொளுக்கி போட்டேன்.

கஜந்தினி கிடந்தது, சிவக்கொழுந்து அவனுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக் கிணற்றில். கஜந்தினியைத் தூக்கிய கையோடு பம்பு மிஷின் வாடகைக்குப் பிடித்து அடிமட்டம் தெரிய இறைப்பித்தவன் நான்.

தீட்டு என்றுதான் ஊருக்குச் சொன்னேன்.