ஒப்புக்கு ஓர் அழைப்பு

"லாமின், வாப்பா, சாப்பிடலாம்."

கோர்க்கோர் சொல்லி முடிப்பதற்குள் லாமின் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டான். இந்த வாரம் முழுவதும் இதே கதைதான்.

உண்ணும்போது எதிரே யாரேனும் வந்துவிட்டால் ஒப்புக்கு அழைப்பது கானாவின் தலைநகரான அக்ராவில் வழக்கம். நன்றி சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவதும் வழக்கம். செனகலிலிருந்து ஆங்கிலம் படிக்க வந்து, பின்கட்டு அறையில் குடியிருக்கும் இந்தப் பையனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

தட்டில் இருந்தவை மக்காச்சோள மாவில் அவித்த இரண்டு கென்கே உருண்டைகள், ஒரு பொரித்த மீன், அரைத்த பச்சை மிளகாய். மகள் கல்யாணமாகிக் குமாசிக்குப் போன பிறகு, தையற்காரி கோர்க்கோர் தன் ஒரு வயிற்றுக்கென்று அளந்து வைக்கும் உணவு.

"இன்னிக்கு எங்கே சுத்தினே?" என்று கேட்டபடியே மீனைத் தன் பக்கம் சற்று நகர்த்திக்கொண்டாள்.

"லைட் ஹவுஸ் ஏறினேன் ஆன்ட்டி. மேலேர்ந்து பாத்தா, படகெல்லாம் மசூதி வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பு மாதிரி இருக்கு."

"அங்கே ஒண்ணும் சாப்பிடலையா?"

"வறுத்த வாழைப்பழம் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே மிளகாயில் தோய்த்து விழுங்கினான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. அப்போதும் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. இப்படியும் ஒரு நாக்கு உண்டா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அவன் போனதும், துணி மடித்துக்கொண்டிருந்த பக்கத்து அறை அமர்லி வாயைத் திறந்தாள்.

"என்னக்கா, மருமகனுக்கு விருந்து முடிஞ்சுதா?"

"சும்மா இருடி. வயசுப் பையன்."

"வயசு சரிதான், வெக்கம் எங்கே போச்சு? பகலெல்லாம் ஊரைச் சுத்தித் தின்னுட்டு, பொழுது சாய்ஞ்சா உன் தட்டு. விட்டா உன்னையும் பொட்டியில வச்சு அவன் ஊரு டக்காருக்குக் கொண்டு போயிடுவான்."

மறுநாள் கோர்க்கோர் அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு, புழுக்கத்தில் வியர்க்க வியர்க்க உண்டாள். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஆன்ட்டி, வெளியே காணோமே. உடம்பு சரியில்லையா?"

வாயில் கவளத்தோடு கதவைத் திறந்தவள், பழக்க தோஷத்தால், "வாப்பா, சாப்பிடலாம்" என்றுவிட்டாள்.

சனிக்கிழமை மாலை அபுரித் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவன், அழைத்ததும் வழக்கம்போலக் கையைக் கழுவினான். அமர்லி தன் வாசலில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் கோர்க்கோரைப் பேச வைத்தது.

"லாமின், ஒண்ணு சொல்றேன். எங்க ஊர்ல சாப்பிட வான்னு கூப்பிடறது ஒரு மரியாதை. நன்றி, நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போறது பதில் மரியாதை. நெஜமாவே வந்து உக்கார மாட்டாங்க."

கழுவிய கையிலிருந்து நீர் சொட்ட அவன் நின்றான்.

"மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. எனக்குத் தெரியல."

அன்று மீன் முழுவதும் அவளுக்கே கிடைத்தது. பேச்சுத்துணை இல்லாமல் அது சீக்கிரமே தீர்ந்தும் போயிற்று.

திங்கட்கிழமை, லாமினோடு தங்கிப் படிக்கும் டோகோ நாட்டுப் பையன் கோசி, கிழிந்த கால்சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தான்.

"உன் கூட்டாளி இப்போ வயித்துக்கு என்னப்பா பண்றான்?" என்று கோர்க்கோர் ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டாள்.

"இப்பத்தான் ஆன்ட்டி அவன் வயித்துக்கு நிம்மதி. ராத்திரிச் சாப்பாடு எங்களுக்குப் பள்ளிக்கூடத்துலயே உண்டு. அதைச் சாப்பிட்டுட்டுத்தான் உங்ககிட்ட வந்து உக்காருவான். உங்க மிளகாய் அவனுக்கு ஒத்துக்கறதில்ல. படுக்கும்போது வயித்தைப் புடிச்சிக்கிட்டு மாத்திரை போட்டுக்குவான்."

கோர்க்கோர் ஊசியைக் கீழே வைத்தாள்.

"பின்னே எதுக்கு வந்து உக்காந்தான்?"

"நானும் கேட்டேன். 'பாவம்டா, ஒத்தையில சாப்பிடறாங்க. தெனமும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. எப்படிடா வரமாட்டேன்னு சொல்றது?'ன்னான்."

அன்று மாலை கோர்க்கோர் இரண்டு மீன் பொரித்தாள். மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் ஒதுக்கி வைத்தாள். எதிரே ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, தட்டைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாமின் வந்தான்.

"லாமின், வாப்பா, சாப்பிடலாம்."

"நன்றி ஆன்ட்டி. நீங்க சாப்பிடுங்க."

"இல்லப்பா, நெஜமாத்தான் கூப்பிடறேன்."

அதுவும் அவ்வூர் மரியாதையில் ஒரு பகுதி என்று எண்ணிய லாமின், முன்னிலும் பணிவாகத் தலை தாழ்த்தி, மறுபடியும் நன்றி சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனான்.