நாலு எலி

அரிசி ஆலையில் கடைசி எலியையும் பிடித்த அன்றே, "இனி உனக்கெதுக்குப் பால்?" என்று முதலாளி சாம்பல் பூனையை விரட்டிவிட்டார். பசியோடு அது பருப்பு மண்டிக்கு வேலை கேட்டுப் போனது.

வாசலில் காவல் நாய் நடந்ததை விசாரித்துத் தெரிந்துகொண்டு சொன்னது. "ஒரு எலிகூட மிச்சம் வைக்கலையா? பிழைக்கத் தெரியலையே, தங்கச்சி. இங்கே இருந்த பூனை நாலு எலியை விட்டுவெச்சே ஒன்பது வருஷம் பால் குடிச்சுது. நீயும் அப்படின்னா உள்ளே வா."

காலி வயிற்றிலும் பூனைக்குச் சுர்ரென்று ஏறியது.

"எலி தயவுல நான் பால் குடிக்க மாட்டேன், அண்ணே. நாலையும் நாலே நாள்ல பிடிக்கிறேன். அதுவரைக்கும் வேளாவேளைக்குப் பால் வரணும்."

"அஞ்சாம் நாள் என்ன பண்ணுவே?"

"எதிர்ல வெல்ல மண்டியிலயும் எலி ஓடுது. வரும்போதே பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்ற பூனை, நாயைத் தாண்டி உள்ளே நடந்தது.