கட்டைவிரல்

ஃப்ளோரிடாக் கடலுக்கு மேலே ஒரே பாராசூட்டில் மர்லீனும் கணவன் வெர்னனும் அருகருகே தொங்குகிறார்கள். இழுத்துப் போகும் படகு சோப்புக்கட்டியாகச் சிறுத்துவிட்டது. அதன் இரைச்சல் இங்கே எட்டவில்லை. விக்கைக் கழற்றிக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் மர்லீன். புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன தலையைக் காற்று குளுகுளுவென்று தடவுகிறது. ஏணியில் ஏறி பல்பு மாட்டவே நடுங்கும் வெர்னன், கண்ணை இறுக மூடியபடி, தான் நன்றாகவே இருப்பதாகப் படகுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். உடனே கயிறு நீள்கிறது. இருவரும் இன்னும் மேலே போகிறார்கள். “அட மனுஷா! விரலை மேல காட்டினா இன்னும் மேல ஏத்துன்னு அர்த்தம். கேப்டன் சொன்னப்போ உன் காது எங்க போச்சு?” வைத்தியம் தொடங்கிய பிறகு இப்போதுதான் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். வெர்னன் ஒற்றைக் கண்ணைத் திறந்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறான். “அப்படியா சொன்னான்?” என்கிறான். கண்ணை மறுபடி இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலை முன்னைவிட உயரமாகத் தூக்குகிறான்.